நடுக்கோட்டுக்குக் கீழே என் மகன்

மூத்தவள் ஆறாம் படிவம் படிக்கும்போது முருகன் எங்களுக்கு ஒரு மகனைக் கொடுத்தான். பல வருடம் கழித்து வந்த பிள்ளை. ஆனால் ராசா ஊர் கிளினிக்கில் அவனை நிறுக்கும்போதெல்லாம், வளர்ச்சி அட்டையில் அவன் புள்ளி நடுக்கோட்டுக்குக் கீழேயே விழுந்தது. "நல்லாத்தான் இருக்கான்" என்றார் அங்குள்ள மிஸி. அந்தத் தாதி சொல்லியும் எனக்கு மனம் ஆறவில்லை.

செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலங்களை நிறுத்துப் பார்ப்பது என் வேலை. எடை குறைந்தால் ரிஜெக்ட் கூடைதான். அதே கண்ணோடு பிள்ளையின் அட்டையையும் பார்த்தேன். தாய்ப்பால் போதவில்லை என்று நானே முடிவு செய்து டின் பால் வாங்கி வந்தேன். மனைவி முகம் வாடிப்போனது. நடுக்கோட்டைத் தொட்டதும் அவனுக்கு மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் வேண்டியும் கொண்டேன்.

"பா, டின்னைத் திறக்காதீங்க. கொஞ்சம் உக்காருங்க" என்றாள் மகள். காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு மலை வரைந்தாள்.

"தம்பி வயசுப் பிள்ளைங்க எடை இப்படித்தான் பரவியிருக்கும். நடுவுல கூட்டம், ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் பேரு. நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்னு சொல்லுவாங்க. கணக்குக்காக நடு எடை ஆறு கிலோ நானூறுன்னு வெச்சிக்குவோம். அதுலேருந்து பிள்ளைங்க பொதுவா தள்ளி நிக்கிற அளவு எழுநூறு கிராம். தம்பி அஞ்சு கிலோ எழுநூறு. சரியா ஒரு அளவு கீழ."

பாடப்புத்தக அட்டவணையில் விரலை ஓட்டினாள். "நூறு பேருல பதினாறு பேரு இவனைவிட லேசு."

"அப்ப மத்தவங்க எல்லாம் இவனை முந்திட்டாங்கதானே?"

"ஓட்டப் பந்தயமா வெச்சிருக்காங்க? நடுன்னாலே பாதிப் பேரு அதுக்குக் கீழதான்பா. பாதிப் பிள்ளைங்களுக்கு மொட்டையே கிடையாதா?"

மனைவி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

"அவன் கோடு ஒழுங்கா ஏறுதான்னுதான் மிஸி பாப்பாங்க. ஏறுது, பாருங்க" என்று அட்டையைக் காட்டினாள் மகள்.

மறுமுறை கிளினிக்கில் அவளையே பேசவிட்டேன். மிஸி கேட்டுவிட்டு, "உங்க பொண்ணு சொல்றது சரிதான். டின் பால் வேணாம், அம்மா பாலே போதும்" என்றார். எஸ்டேட் லயத்தில் பிறந்து மூன்றாம் படிவத்தோடு நின்றவன் நான். அன்று நெஞ்சு நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

முருகனிடம் போய், 'நடுக்கோட்டைக் கேட்டது என் அறியாமை அப்பனே, அவன் கோட்டிலேயே அவனை ஏற்றிவிடு' என்று சொல்லி மொட்டை போட்டோம். அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மச்சான், பிள்ளையின் சந்தனம் பூசிய தலையைத் தடவி, "என்ன மச்சான், பையன் குட்டியா இருக்கான்?" என்றார்.

"நூத்துல பதினாறு பேரு இவனைவிடக் குட்டி மச்சான். என் மக போட்ட கணக்கு."

"யாரு போய் எண்ணுனா?"

"எல்லாரையும் எண்ண வேணாம்லா. ஒரு மலை போட்டா போதும்."

மகள் வெட்கப்பட்டு என் சட்டையை இழுத்தாள். நான் விடவில்லை. அவர் இலையில் குவிந்திருந்த சோற்றைக் காட்டி, நடு எது, ஓரம் எது என்று சொல்ல ஆரம்பித்தேன்.