மாமாவுக்கு எழுதிக்கொடுத்த ஸ்கேன்

என் அக்கா குணசுந்தரியின் கணவர் நடனசபாபதி கடலூரில் அரசாங்க கிளார்க். அது பகுதிநேர வேலை. முழுநேர வேலை, நோயாளி. பதினெட்டு வருஷமாக அந்தப் பொறுப்பை ஒரு நாள் லீவு போடாமல் பார்த்துவந்தார். காலையில் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பார். சாயங்காலம் கண்ணாடி முன் நாக்கை நீட்டுவார். அவருக்கு உப்பில்லாமல் ஒரு குழம்பு, மற்றவர்களுக்கு ஒரு குழம்பு என்று அக்கா தினமும் இரண்டு சமையல் சமைத்தாள்.

2009இல் தலை சுற்றுகிறது என்றார். தொல்லை தாங்காத டாக்டர், கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களை டாப்ளர் ஸ்கேனில் பார்க்கச் சொல்லி சிதம்பரத்துக்கு அனுப்பினார். துணைக்கு அக்காவும் நானும் போனோம்.

கட்டிலைப் பார்த்ததுமே மாமாவுக்கு வேர்த்துவிட்டது. கழுத்தில் ஜெல் தடவி ஒரு கருவியை வைத்துப் பார்ப்பதுதான், வலிக்காது என்று ஸ்கேன் எடுக்கும் டாக்டரம்மா சொல்லியும் நம்பவில்லை.

"மச்சான், கழுத்த நெரிச்சிடுவாங்க போலிருக்கே. மொதல்ல உங்க அக்காவுக்கு எடுக்கட்டும். அவளுக்கு ஒண்ணும் ஆவலன்னா நான் படுக்குறேன்."

என்ன ஒரு வீரம். அக்கா மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்தாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுபோனது. இடது பக்கக் குழாயை மூன்று முறை பார்த்தார். முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு.

"வலது கை மரத்துப்போவுதாம்மா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்," என்றார் மாமா.

"அவங்க சொல்லட்டும்."

"ரெண்டு வருஷமா அப்பப்ப மரத்துப்போவும்," என்றாள் அக்கா. "கரண்டி நழுவிடும். அவுங்களே முடியாதவங்க. நானும் படுத்துட்டா யாரு பாக்கறது?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாமா மேல் மட்டுமல்ல; அந்த வீட்டில் ஞாயிறு தவறாமல் சாப்பிட்டுவிட்டு, அவர் உடம்பை மட்டும் விசாரித்துவிட்டு வந்த என் மேலும்தான்.

இப்படியே விட்டால் பக்கவாதம் வரும், உயிரே போகலாம், உடனே புதுச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா. பிறகு மாமாவுக்கும் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. பதவி பறிபோன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே ஆபரேஷன் முடிந்து அக்கா பிழைத்துக்கொண்டாள். மாமாவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன். அன்று அவர் தைரியமாகப் போய்ப் படுத்திருந்தால் என் அக்கா இப்போது இல்லை.