சிந்தாமல் கொண்டுவந்த சமாதானம்

போன ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் இரண்டு கைகள் வந்து நின்றன. ஒன்றை ஒன்று பொத்திய கைகள். வலது புறங்கையில் பழைய தீக்காயம், நகக்கண்ணில் கரி, ஏலக்காயும் விறகுப் புகையும் கலந்த வாசனை. உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வரிசையாக நின்ற பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கைக்குள் சமாதானம் இருக்கிறது, டீச்சர் அதை வாங்கினால்தான் சுண்டல் கிடைக்கும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படிப் பழக்கி வைத்தவள் என் மதினி. நீட்டிய கைகளோ, என் அண்ணன் கடைசியாக ஏறிய ஜீப்பை ஓட்டிய கைகள்.

டீச்சர் என்று பெயர்தான், நான் ஒரு தையல்காரி. வாரம் முழுக்கப் போடியில் மெஷின் மிதித்து மிதித்து, சும்மா உட்கார்ந்தாலும் என் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஜெபத்தில்கூட ஆடும். "காலை நிப்பாட்டுத்தா, பெஞ்சு நடுங்குது" என்று மதினி என் தொடையைக் கிள்ளுவாள். அன்றைக்கு நின்றுகொண்டிருக்கும்போதே அந்தக் கால் நடுங்கியது. கிள்ளுவதற்கு மதினி பக்கத்தில் இல்லை.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் என் அண்ணனோடு சேர்ந்து போடிமெட்டுக்கு மேலே, அவன் சூப்பர்வைசராக இருந்த எஸ்டேட்டின் தகரக் கூரை போட்ட வேதக்கோயிலில் ஞாயிறு பள்ளி ஆரம்பித்தாள். வார நாட்களில் போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரித்துப் பொறுக்குவாள். ஞாயிறு விடிந்தால் ஒரு தூக்குவாளியில் சுண்டல், ஒரு பையில் படங்கள், முதல் பஸ்சு. கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் வந்துவிடும், நெற்றியில் திருநீறோடும் வரும். யார் வீட்டுப் பிள்ளை என்று அவள் கேட்டதில்லை. மூக்கைச் சிந்தியாயிற்றா என்று மட்டும் கேட்பாள். சமாதானம் சொல்லிக் கொடுக்கிறவள் சாந்த சொரூபி என்று நினைத்துவிடாதீர்கள். மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டரோடு பஸ்சு மலை மெட்டு ஏறும் வரை வாயாடுவாள். அடுத்த வாரம் அதே கண்டக்டருக்கு ஒரு பொட்டலம் சுண்டலும் கொடுப்பாள்.

எங்கள் ஆராதனையில் ஒரு வழக்கம் உண்டு. போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்து முதல் வரிசைக்காரரின் கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துச் சமாதானம் கொடுப்பார். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அப்படியே கை மாறிக் கை மாறிக் கடைசி ஆள் வரை அது போகும். பெரியவர்கள் இதை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி செய்து முடித்துவிடுவார்கள். மலைக்குப் போதகர் மாதம் ஒரு முறைதான் வருவார் என்பதால், மதினி அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். "வாங்குனதும் பொத்திக்கணும். பால் கொண்டுபோற மாதிரி கொண்டுபோகணும், சிந்தக் கூடாது. அடுத்தவங்களுக்குக் குடுக்குற வரைக்கும் கையத் தொறக்கக் கூடாது" என்பாள். கடைசிப் பிள்ளை அதைத் திருப்பி மதினியிடமே கொண்டுவந்து கொடுக்கும். அப்புறம் ஆமென், அப்புறம் சுண்டல்.

பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குள் குருவிக் குஞ்சு இருப்பதைப் போலப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். முதல் நாள் கோலிக்குண்டுக்காக அடித்துக்கொண்ட இரண்டு பயல்கள் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால்தான் வேடிக்கை. ஒருவன் கொடுக்க மாட்டேன் என்பான். மதினி புத்தி சொல்ல மாட்டாள், வசனம் சொல்ல மாட்டாள். தூக்குவாளி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சமாதானம் வந்து சேராமல் யாருக்கும் சுண்டல் இல்லை என்பது அவள் சட்டம். கொஞ்ச நேரத்தில் மற்ற பிள்ளைகளே கத்த ஆரம்பித்துவிடும்: "வெரசாக் குடுறா, பசிக்குது!" பசியைக் காட்டி வாங்குவதெல்லாம் ஒரு சமாதானமா என்று நான் கேலி செய்வேன். "வயிறு சொன்னாத்தான்த்தா சில பேருக்குக் கேக்குது" என்பாள்.

இந்த வேடிக்கைக்கு நடுவில்தான் அண்ணன் போனான். ஏலக்காய் அறுவடை மும்முரமாக இருந்த நாட்கள். கீழேயிருந்து ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள், உள்ளே இடமில்லாமல் பின் கம்பியிலும் ஆளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும். அப்படி அளவுக்கு மீறி லோடு ஏற்றிய ஒரு ஜீப்பு, மூடுபனியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் உருண்டது. மற்றவர்கள் கை கால் முறிவோடு பிழைத்தார்கள். அண்ணன் பிழைக்கவில்லை. டிரைவருக்கு இடது கால் போயிற்று என்றார்கள். பிறகு எலும்பு ஒட்டிவிட்டது, நடை மட்டும் சாய்ந்துபோனது. கேஸ் நடந்து முடிந்தது. அந்த ஆள் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலைக்குப் போனார். இதையெல்லாம் ஊர் எனக்குச் சொன்னது. நான் கேட்கவில்லை. என் காதில் விழுந்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

இனி மலைக்குப் போகாதே என்று எல்லோரும் மதினியிடம் சொன்னார்கள். அவள் போனாள். அந்த வளைவைத் தாண்டி அவளைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு கூடப் போக ஆரம்பித்தேன். சில வருஷங்கள் கழித்து ஒரு ஞாயிறு, அந்த டிரைவரின் மகள் கோயில் வாசலில் வந்து நின்றது. பால் பல் விழாத வயது. அவர் பிள்ளையை விட்டுவிட்டு, தூரத்தில் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகொண்டார். நான் மதினியைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் மூக்கைப் பார்த்தாள், துடைத்துவிட்டாள், உள்ளே உட்காரவைத்தாள். பஸ்சில் மலை இறங்கும்போது நான் பொரிந்து தள்ளியதற்கு ஒரே பதில்தான் வந்தது: "பிள்ளையா ஜீப்பு ஓட்டுச்சு?" அப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாரா வாரம் அவர் மரத்தடியில் நின்றார், இவள் அந்தப் பக்கம் திரும்பாமலே பஸ்சுக்கு நடந்தாள். இப்படியே ஓடியிருந்தால் இன்னும் எத்தனை வருஷமும் ஓடியிருக்கும்.

சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. இயேசுவின் சீஷர்கள் ஊர் ஊராகப் போய், நுழைகிற வீட்டுக்கெல்லாம் சமாதானம் சொன்ன கதை அன்றைக்குப் பாடம். சொல்லிக்கொண்டு வந்த வேகத்தில் மதினி, "இன்னைக்கு எங்கிட்டத் திருப்பித் தர வேணாம். கடைசியா வாங்குறவுக வெளிய கொண்டுபோய், மொதல்ல யாரைப் பாக்குறீகளோ அவுகளுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். லேட்டாக வருகிற பிள்ளைதான் வரிசையில் கடைசி. நொண்டுகிற அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வருகிற பிள்ளை எப்போதும் லேட். சொன்ன பிறகுதான் மதினிக்கே அது உறைத்தது. முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வேண்டுமென்றே சொன்னாள் என்று எஸ்டேட்டில் இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். கதை கட்ட ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அது வாய் தவறி வந்ததுதான்.

பிள்ளை கையைப் பொத்திக்கொண்டு சாரலில் இறங்கி நேரே மரத்தடிக்குப் போனது. அவர் திரும்பிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு ஆகாது ஆத்தா. கொண்டுபோய் டீச்சரம்மாட்டயே குடுத்துரு" என்றது வாசல் வரை கேட்டது. பிள்ளை திரும்பிப் பாதி தூரம் வந்தது. டீச்சரோ திருப்பித் தர வேண்டாம் என்றிருக்கிறாள். அந்தப் பக்கமும் போக முடியாமல் இந்தப் பக்கமும் வர முடியாமல் நடுவில் நின்று அழ ஆரம்பித்தது. அழுகிற பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. கையைத் திறந்தால் சிந்திவிடும் என்று துடைக்காமல் நின்றது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் முண்டியடித்த பயல்களில் ஒருவன் உள்ளே பார்த்துக் கூவினான்: "டீச்சர், அவுகப்பா வாங்க மாட்டேங்கிறாரு. அப்ப சுண்டலு?"

அத்தனை பிள்ளைகளும் மதினியைப் பார்த்தன. அவள் போட்ட சட்டம் அவள் தலையிலேயே வந்து விடிந்தது. நான், போதும் இந்தக் கூத்து என்று கரண்டியை எடுத்தேன். "கரண்டிய வையி" என்றாள். எழுந்து செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனாள். முதலில் முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். பிறகு பொத்திய அந்தச் சின்னக் கைகளைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையைத் திறக்காமல் மரத்தடி வரை நடந்தாள். அவர் இன்னும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டிருந்தார். மதினி அழவில்லை, மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கண்டக்டரிடம் சில்லறை கேட்கிற அதே குரலில், "பிள்ளைக பசியோட நிக்குது. வெரசாக் கையக் கொண்டாங்க" என்றாள்.

அவர் கையை முன்னால் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டு மதினி வந்து சுண்டல் பரிமாறினாள். பரிமாறும்போது பாதி சுண்டல் தரையில் விழுந்தது, அதையும் பிள்ளைகள் பொறுக்கித் தின்றன. திரும்பும்போது பஸ்சு அந்த வளைவில் திரும்பியது. அங்கேதான் அவள் உடைந்தாள். "எனக்கு இன்னும் எரியுதுத்தா. பிள்ளைக பசிக்காகத்தான் குடுத்தேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். அப்படியானால் கொடுத்தது பொய்யா என்று கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாத நேரம், ஆனால் என் வாய் நிற்காது. முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், "கை முன்னால போயிருச்சு. மனசு மெட்டு ஏறி வரணும்ல? மெதுவா வரட்டும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்குள் வந்து, வரிசையின் கடைசியில் மகளுக்குப் பின்னால் நின்றார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து சமாதானம் அவர் கைக்கு வந்து, அவர் கையிலிருந்து மதினிக்குத் திரும்பியது. மகள் வளர்ந்து நர்சிங் படிக்கப் போன பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. வருஷக்கணக்கில் வாரா வாரம் அந்தக் கையிலிருந்து மதினி வாங்கினாள். அவள் மனசு எந்த வருஷம் வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, "சரியான ஆளு, மழையில நனையாதீகன்னா கேக்குறதில்ல" என்று அவள் திட்டியபோது நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். நான் அந்த வரிசையில் நின்றதே இல்லை. எனக்குச் சுண்டல் சோலி இருந்தது.

இப்போது மதினிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. திருப்பூரில் தன் மகள் வீட்டோடு போய்விட்டாள். போகும்போது படங்கள் இருந்த பையை என் கையில் கொடுத்து, "இனிமே நீ பாத்துக்க" என்றாள். அந்த ஒரு ஆளை மட்டும் பார்க்க முடியாது என்று சொல்ல நினைத்தேன், பஸ்சு கிளம்பிவிட்டது. போன ஞாயிறு என் முதல் வகுப்பு. மெட்டு ஏறும்போதெல்லாம் ஒரே யோசனை. கடைசி ஆள் சமாதானத்தைப் பீடத்தில் வைத்துவிடலாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டால் என்ன? வகுப்பில் அதைச் சொல்லியும் பார்த்தேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு வாண்டு எழுந்து, "பெரிய டீச்சரு அப்பிடிச் சொல்லித் தரலையே. பீடத்துக்கு ஏது கை?" என்றது. பழைய வழக்கப்படியே வரிசையில் நிற்கச் சொன்னேன்.

அப்படித்தான் அந்தக் கைகள் என் முன்னால் வந்து நின்றன. இத்தனை வருஷத்தில் அவரை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. தாடி நரைத்துப் போயிருந்தது. என் கால் நடுங்குவதை அவர் பார்த்துவிட்டார். "வேணாம் தாயி. நான் வெளிய போயிர்றேன்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு, கையைப் பொத்தியபடியே வாசல் பக்கம் திரும்பினார். பின்னாலிருந்து பிள்ளைகள் பதறிக் கத்தின: "தாத்தா, கீழ போட்றாதீக!" அண்ணன் முகம் எனக்கு முன்னால் வந்தது. ஜீப்பு ஏறும் முன் என்னைப் பார்த்துக் கையாட்டியவன். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றன. மதினியின் குரல் என் வாயிலிருந்து வந்தது: "கையக் கொண்டாங்க."

சாயங்காலம் மதினி போன் பண்ணினாள். நலம் விசாரிக்கவில்லை. "இன்னைக்குச் சமாதானம் கடைசியா யாருகிட்டத்தா வந்துச்சு?" என்றாள்.

"எங்கிட்டத்தான் மதினி."

"மனசு?" என்றாள்.

"இன்னும் கீழதான் நிக்குது. பஸ்சே ஏறல."

"ஏறும்" என்று சொல்லிவிட்டு, சுண்டலுக்கு உப்பு சரியாக இருந்ததா என்று கேட்க ஆரம்பித்தாள். பேசி முடித்த பிறகு பார்த்தால், கழுவாத தூக்குவாளி அடுப்படியில் கிடந்தது. என் கையில் இன்னும் அந்த ஏலக்காயும் விறகுப் புகையும் கலந்த வாசனை இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கழுவிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.