வால்வை மூடிய பிறகும் வந்த தண்ணீர்

"அண்ணே, குசினிச் சுவர்ல தண்ணி கசியுது. பைப் ஒடஞ்சிருச்சு போல." பசறையில் என் வீட்டில் வாடகைக்கு இருக்கும் செல்வி, அடைமழை பெய்த செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பிய செய்தி இது. உடனே போய் தண்ணீர் மீட்டர் வால்வை மூடினேன். சமையலறைச் சுவரில் கசிவு நிற்கவில்லை, சேறாக வரத் தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு.

"மலை சரியும் போல இருக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க," என்றேன்.

செல்வி அசையவில்லை. "போன மாசம் வீட்டை விடச் சொன்னீங்க, முடியாதுன்னேன். இப்ப மலையைக் காட்டி வெளிய அனுப்பப் பாக்குறீங்களா?"

சுவரில் விரிசல் ஓடியது. என்னிடமிருந்த மாற்றுச் சாவியை நீட்டினேன். "இதையும் நீங்களே வச்சுக்கங்க, நான் வீட்டைப் பூட்டிட முடியாது. வாங்க, தங்கச்சி."

வந்தார்கள்.

பின்னாலிருக்கும் அந்த மலைச்சரிவைவிட, என் சொல் எடுபடாமல் நின்ற அந்த நிமிடம்தான் இன்னும் பயமுறுத்துகிறது. சாவியை நான் திருப்பிக் கேட்கவில்லை. தண்ணீர் மலையிலிருந்து வந்ததா, சரிவில் மேலே இருக்கும் வீட்டின் குழாயிலிருந்தா என்பது இன்னும் உறுதியாகவில்லை.