நெட்டையனும் மொட்டையனும் என் மகளின் சாமத்தியவீடும்

2009இல் மகள் பெரியபிள்ளையானாள். சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடித்தாயிற்று, சேலை எடுத்தாயிற்று, வீடியோக்காரருக்கும் சொல்லியாயிற்று. முதல் தண்ணீர் வார்க்கத் தாய்மாமன்தான் இல்லை. எனக்கிருப்பது ஒரே தம்பி. இதே லண்டனில், மோர்டனில் கல்லுப்போல இருந்தான். ஆனால் அவனுக்கும் என் கணவருக்கும் எட்டு வருடமாகப் பேச்சில்லை.

காரணத்தைச் சொல்ல எனக்கே வெட்கம். இருவரும் ஜெர்மனியில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். அங்கே தொலைக்காட்சி மல்யுத்தத்தில் ஓர் இரட்டையர் அணி. ஒருவன் நெட்டை, மற்றவன் மொட்டை. மல்யுத்தக் கம்பனி முதலாளியின் கட்டளைக் கடிதத்தை அவர் முகத்துக்கு முன்னாலேயே கிழித்தெறிவார்களாம். யாரையும் எதிர்த்துப் பேச முடியாமல் கிடந்த இந்த இருவருக்கும் அவர்கள்தான் குலதெய்வம். அந்தத் துணிச்சலில்தான் லீவு தராத உணவகத்தில் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஒன்றாக வெளியேறினார்கள். அந்த வீரக்கதையை நூறு தரமாவது கேட்டிருப்பேன்.

நாங்கள் லண்டனுக்கு வந்த பிறகு அந்த மல்யுத்த அணி உடைந்தது. துரோகி நெட்டையனா மொட்டையனா என்று செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுத் தீபாவளிச் சாப்பாட்டில் வாய்த்தர்க்கம். "அதெல்லாம் முதலே பேசிவைச்சு நடிக்கிறதுதானே" என்றேன். இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். தம்பி பாதிச் சோற்றில் எழுந்து போனவன்தான்.

இப்போது சடங்குக்கு அழைக்கப் போன் எடுத்தால் அவன் சொல்கிறான்: "நெட்டையன்தான் துரோகியெண்டு அத்தான் ஒத்துக்கொள்ளட்டும் அக்கா, வாறன்."

கணவரோ, "உம்மட தம்பிக்கு விசரே? மொட்டையன்தான் முதல்ல அடிச்சவன்" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்கட ரெண்டு தடியன்களுக்காக என்ர பிள்ளை மாமன் இல்லாமல் இருக்கவேணுமோ?" என்று கத்தினேன். மகள் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். கணவர் அவளைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த போனை வாங்கினார்.

"ஓம், நெட்டையன்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார். "பொய்தான் சொன்னனான்" என்றார் என்னிடம்.

தம்பி வந்தான். தேங்காய் உடைத்து, மருமகளின் தலையில் தண்ணீர் வார்த்தான். ஈரக் கையோடு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்:

"அத்தான் பொய் சொன்னவர். எனக்குத் தெரியும் அக்கா. அந்த மனுசன் பிள்ளைக்காக இவ்வளவு இறங்கினதே போதும்."

இதைத் தெரிந்துகொள்ள இவனுக்கு எட்டு வருடம்! அறையலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.