பாங்காக்குக்கு ஒரு தோல் பை

என் மாமியார் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தான் பாங்காக் போகப் போவதாகச் சொன்னார். தனியாக, முதுகில் ஒரே ஒரு பையோடு.

என் கணவருக்குப் புரையேறியது. "எருசலேம் போம்மா. சபையில ஒரு குரூப்பே கெளம்புது. நானே பணம் கட்றேன்."

"எருசலேமுக்கு எல்லாரும்தான் போறாங்க. ஆண்டவர் பாங்காக்ல இல்லியா இன்னா?"

இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெற்ற தாயைத் தனியாக அனுப்பிவிட்டான் என்று ஊர் பேசுமே என்ற கவலை. அத்தை டிக்கெட் எடுத்துவிட்டார்தான். ஆனால் மகன் மனசு சுருங்கினால் கடைசி நிமிஷத்தில் நின்றுவிடக்கூடியவர் என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அத்தை திட்டம் போட்ட அழகே தனி. செல்போனில் பாங்காக் வரைபடத்தைத் திறந்ததும் அவர் தேடியது அரண்மனையை அல்ல, பெரிய ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்பதை. அதற்குப் பக்கத்தில்தான் தங்க இடம் பார்த்தார். ஒரே அறையில் எட்டுக் கட்டில், முன்பின் தெரியாத பெண்களோடு படுக்க வேண்டும். படத்தைப் பார்த்து நான் தயங்கினேன்.

"எட்டு பெட் வார்டுதானே? யாருக்கும் ஊசி போட வேணாம், அவ்ளோதான்" என்றார்.

ஊர் சுற்ற டாக்சி கிடையாது, ஆற்றுப் படகுதான். சாப்பாடு தெருவோரக் கடையில், அதுவும் கண்ணெதிரே சட்டி கொதித்தால் மட்டும். அங்கே வெயில் கொளுத்துமாமே என்றேன். சிரித்தார். வேலூர்க்காரரிடம் போய் வெயிலைப் பற்றிச் சொன்னது என் தப்பு.

கிளம்பும் வாரத்தில் என் கணவர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர் அவர். உள்ளே முதுகுப் பை. அசல் மாட்டுத்தோல், அவரே பார்த்துப் பொறுக்கி, தெரிந்த தையல்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்து வாங்கியது. எங்கள் பக்கத்தில் ரெக்சின் என்பது கிட்டத்தட்ட வசைச்சொல். அம்மா நைலான் பையோடு விமானம் ஏறினால் இவர் மானம் போய்விடும். சம்மதத்தை வாயால் சொல்லத் தெரியாத மனுஷன் பையாகச் செய்து கொண்டு வந்திருக்கிறார் என்று அத்தைக்குப் புரிந்தது. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

வினை எடை மெஷினில் வந்தது. மலிவு டிக்கெட்டில் ஏழு கிலோ வரைதான் கையில் எடுத்துப் போகலாம். வெறும் பையே மூன்று கிலோவைத் தாண்டியது. அத்தை ஒரு புடவையை வெளியே எடுத்தார். அப்புறம் செருப்பு, அப்புறம் போர்வை. வேதாகமத்தைக்கூடக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பை வேண்டாம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நான் சொன்னால் மருமகள் மூட்டிவிட்டாள் என்று ஆகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் உள்ளே வந்தார். பரணிலிருந்து எங்கள் மகளின் பழைய நைலான் பையை இறக்கித் தூசி தட்டினார். புடவை, செருப்பு, போர்வை, வேதாகமம் என்று எல்லாவற்றையும் அதில் அடுக்கினார்.

"பயமா இல்லியாம்மா?"

"இருக்குடா. சரியா தூக்கமே வர்ல. அதுக்காகப் போகாம இருக்க முடியுமா?"

அவர் பையை அம்மாவின் முதுகில் மாட்டி, தோளுக்குத் தக்கபடி வார்களை இழுத்துவிட்டு, "நட, பாக்கலாம்" என்றார்.

அத்தை கூடத்தின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பினார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வாம்மா" என்றார்.