ஸ்பிரிங் என்னுடையது, கம்பி அவருடையது

எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து ஒரே பிஸ்டல்தான். மாரமங்கலம் பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருந்த நாங்கள், காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுக்கப் போய், ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள் நடத்திய ரைபிள் கிளப்பில் சேர்ந்து, கடைசியில் போட்டிச் சுடுதலில் பைத்தியமானவர்கள். எண்பதுகளின் நடுவில் அது. துப்பாக்கியைப் பங்கு போட்டுக்கொள்வதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அதற்குள் இருந்த ஸ்பிரிங்கில்தான் சண்டை.

சுட்டதும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் ஓடி, தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங்கின் வலுவில் முன்னால் திரும்பும். ஸ்பிரிங் கோணாமல் இருக்க அதன் நடுவே ஒரு கம்பி. என் கணவருக்கு எதுவும் கெட்டியாக இருக்க வேண்டும், குடிக்கிற காப்பி உட்பட. மெல்லியது, நடு, முரடு என்று இருந்த மூன்று ஸ்பிரிங்குகளில் முரடானதை எடுத்து மாட்டினார். பிளாஸ்டிக் கம்பியைத் தள்ளிவிட்டு, சேலத்தில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலிருந்து எஃகுக் கம்பி வாங்கி வந்தார். எனக்கோ அந்த ஸ்லைடை இழுக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. இழுத்துச் சுட்டாலும், அது திரும்பி வந்து மோதுகிற வேகத்தில் குழல் முனை குனிந்துவிடும். குறியை மறுபடி தேட வேண்டும்.

அந்த வருஷம் மாநிலப் போட்டிக்கு மாவட்டத்தில் ஓரிடம்தான் மிச்சம். அது எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தாலி கட்டியவரைத் தோற்கடித்தாவது வேண்டும். தேர்வு நாளில் பரிசோதனை முடிந்த துப்பாக்கியை யாரும் பிரிக்கக் கூடாது. ஆகவே இருவருக்கும் ஒரே ஸ்பிரிங், ஒரே கம்பி.

பழம் பறிக்கும்போது காப்பிச் செடிக்கு அடியில் விரிக்கிற சாக்குப் படுதாவைக் கிளப்புக்குக் கொண்டுபோய், நின்று சுடும் இடத்துக்கு வலப்பக்கம் விரித்தேன். கூடு எங்கே விழுகிறது என்பதே ஸ்பிரிங்கின் குணத்தைச் சொல்லிவிடும். முரட்டு ஸ்பிரிங்கில் காலடியிலேயே விழுந்தது. சில சமயம் வெளியே வராமல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. மெல்லிய ஸ்பிரிங்கில் படுதாவின் நடுவில் போய் விழுந்தது. பனிமூட்டத்தில் நின்றுகொண்டு கிளப்பே சிரித்தது.

"ஏம்புள்ள, பழம் பொறுக்கவா வந்தே?" என்றார் கணவர்.

"ஏனுங்க, படுதாவைப் பாருங்க. உங்க ஸ்பிரிங்குல கூடு வெளிய வரவே அழுவுது."

அவர் குனிந்து காலடியில் கிடந்த கூடுகளைப் பொறுக்கிப் பார்த்தார். பிறகு அரை மனதாக இறங்கி வந்தார்.

"சரி, ஸ்பிரிங்கு உன்ற இஷ்டம், கம்பி என்ற இஷ்டம். ஆச்சா?"

எஃகுக் கம்பியின் கனம் என் மணிக்கட்டுக்கு ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

மார்கழியில் சேலத்தில் தேர்வு. அவர் முதலில் சுட்டார். நான் பொறுக்கியெடுத்த மெல்லிய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, அதுவரை சுடாத அளவுக்குச் சுட்டுத் தள்ளினார். பிறகு நான். நானும் நன்றாகத்தான் சுட்டேன். அவருடைய கம்பியின் கனத்தில் முனை ஆடாமல் நின்றது. இருந்தும் அவர்தான் ஜெயித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அடிவாரம் தாண்டி பஸ் வளைவுகளில் ஏறி முடிக்கும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தேன். அவர் என் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார்.

சித்திரையில் மெட்ராஸில் போட்டி. நானும் போனேன், சுருட்டிய படுதாவோடு. முந்தைய நாள் பயிற்சியில், அந்த ஊர் வெயிலில் தோட்டா மருந்து சூடேறி வலுத்ததில் கூடுகள் படுதாவைத் தாண்டிப் பறந்தன.

"ஏனுங்க, இந்தச் சூட்டுக்கு இது நொம்ப இளசு. நடு ஸ்பிரிங்கை மாட்டுங்க."

சொல்லிவிட்டு, வாக்குவாதத்துக்குத் தயாராக இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். அவரோ, பேர்பெற்ற சுடுநர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே உட்கார்ந்து கழற்றி மாற்றினார். என்ன ஆயிற்று என்று ஒருவர் விசாரித்தார்.

"எங்க ஊட்டம்மா சொல்லியாச்சுங்க" என்றார் இவர்.

மார்கழியிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிறு அப்போதுதான் குளிர்ந்தது.

அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஒரு கூடுகூட மாட்டிக்கொள்ளவும் இல்லை. அடுத்த வருஷம் அந்த இடம் எனக்கு வந்தது. எஃகுக் கம்பியை நான் மாற்றவில்லை. படுதாவை அவர் சுமந்து வந்தார்.