பார்க்காத கடலுக்கு ஒரு கோடு

என் தங்கை கரீபியன் தீவு ஒன்றில் நர்ஸ். இன்னும் சில வருடம் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்; அவளுக்கும் ஆசை. அம்மா மட்டும் மசியவில்லை. "சுத்தியும் தண்ணி. ஒண்ணுன்னா எந்தப் பக்கம் ஓடுவா? வந்துரச் சொல்லு" என்பதோடு பேச்சை முடித்துவிடுவாள். அம்மா சரி சொல்லாமல் தங்கை கையெழுத்துப் போடமாட்டாள்.

அங்குள்ள கடலைப் போனில் காட்டினால், அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் படகு போய்விடும். "நீ வரைஞ்சு காட்டுக்கா" என்றாள் தங்கை. எனக்கு வாட்டர் கலர் பைத்தியம். மிளகுக்கொடியும் பலாவுமாக வரைந்து, எங்கள் மலையில் வளப்பூர் நாட்டில் பாதி வீட்டுச் சுவரை நிரப்பியிருக்கிறேன். கடல்தானே, நீலத்தைக் கரைத்து ஊற்றினால் ஆயிற்று என்று நினைத்தேன்.

அவள் அனுப்பிய வீடியோவில் காலைநேரப் படகுத்துறை. வலை உதறுகிறவர்கள், மீன் அரியும் பெண்கள், ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள். எல்லாரையும் வரைந்து அனுப்பினேன். "ஏக்கா, படகெல்லாம் மலை ஏறுது" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. பார்த்தால் உண்மைதான். மரவள்ளிக் காடு சரிவில் ஏறுவது போலக் கடலையும் ஏற்றி, படகுகளைப் படிப்படியாக நிறுத்தியிருந்தேன். வானம் நேர்கோட்டில் முடிந்து நான் பார்த்ததே இல்லை.

மறுபடி உட்கார்ந்தேன். அன்று ஊரெல்லாம் மூடுபனி. தாள் காயவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பு. ஈரத்தில் நீலம் தானாக இறங்கிப் பரவியது. கையை எடுத்துவிட்டேன். தடுக்க ஒரு குன்றுகூட இல்லாத அவ்வளவு இடம் என் மடிமேல் இருந்தது. பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் படகுகளையும் ஆட்களையும் வைத்தேன்.

அம்மா படத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தாள். மீன்காரிகளைத் தாண்டி, கோட்டருகே போகும் சின்னப் படகில் விரலை வைத்தாள்.

"இவன் எப்பக் கெளம்புனான்?"

"வெடியக்காத்தாலம்மா."

"இன்னும் தெரியறானே."

"மறைக்க நடுவுல ஒண்ணும் இல்லியேம்மா."

அம்மா விரலை எடுக்கவில்லை. "உன் தங்கச்சி சோளக்காடு ஸ்டாப்புல பஸ் ஏறுனா. நான் கையாட்டறதுக்குள்ள மொத வளைவுல மறைஞ்சுட்டா, சாமி" என்றாள். இத்தனை நாளில் இதை அவள் சொன்னதே இல்லை.

பிறகு போனை வாங்கித் தங்கையிடம் பேசினாள். "இருந்துட்டு வா கண்ணு. ஒருக்கா நானும் அங்க வாரேன். திரும்பறப்போ என்னைக் கப்பல்ல ஏத்தி உடு. நீ கரையில நிக்கறதைப் பார்த்துட்டே வரோணும்."